எந்த ஆண்டில் உடைகிறது?

சாயங்காலம் ஐந்து மணி. அண்ணன் மகள் டீ போட்டாள். முதல் டம்ளரை வாசல் திண்ணையில் செய்தித்தாளோடு இருந்த அண்ணனிடம் கொண்டுபோய் வைத்தாள். இரண்டாவது, கொல்லைப்புறத்தில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அண்ணிக்கு. பிறகு எங்கள் இருவருக்குமான டம்ளர்களோடு ஒரு தட்டு வறுத்த வேர்க்கடலையும் எடுத்துக்கொண்டு கூடத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

“அத்தை, ஒண்ணு கேக்கணும். கல்யாணம் பண்ணிக்கிறவங்கள்ல பாதிப் பேரு டைவர்ஸ் வாங்கிடுறாங்கன்னு எல்லாரும் சொல்றாங்களே, நிஜமா? அப்ப பூவா தலையா போட்டுப் பாக்குற மாதிரிதானா?”

நான் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவள். அவள் கேட்டது கணக்கு. குரலில் இருந்தது பயம். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்று தட்டிக்கொடுத்தால் இந்தப் பயம் போகாது. கணக்கைப் பொறுமையாகப் போட்டுக் காட்டினால் அது தனக்கு உரிய அளவுக்குச் சுருங்கும். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாதி என்ற எண்

அந்தப் ‘பாதி’ அமெரிக்காவிலிருந்து வந்தது. 1981-ல் அங்கே ஏறத்தாழ 24 லட்சம் திருமணங்கள் நடந்தன. அதே ஆண்டில் ஏறத்தாழ 12 லட்சம் மணமுறிவுகள். ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் பாதி. பத்திரிகைகளுக்கும் மேடைகளுக்கும் இது வசதியான எண்.

ஆனால் இந்த வகுத்தல் தவறு. ஒரு பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் 60 பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா வகுப்புகளிலுமாக 30 பேர் டி.சி. வாங்கிப் போனார்கள். “சேர்ந்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள்” என்று சொல்ல முடியுமா? போன 30 பேர் வேறு வேறு வருடங்களில் சேர்ந்தவர்கள். சேர்ந்த 60 பேரில் எத்தனை பேர் நிலைப்பார்கள் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. 1981-ல் மணம் முறிந்தவர்களும் அப்படித்தான். அவர்களில் 1979-ல் மோதிரம் மாற்றியவரும் உண்டு. 1950-ல் மாற்றியவரும் உண்டு.

சரியான வழி ஒன்றுதான். ஒரே கூட்டத்தை விடாமல் பின்தொடர வேண்டும். ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் எத்தனை தம்பதிகள் சேர்ந்து இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும்.

நூறு கடலை

“தட்டிலிருந்து நூறு கடலை எண்ணி எடு” என்றேன். பத்துப் பத்தாக எண்ணி வைத்தாள்.

அமெரிக்காவின் தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையம் 1995-ல் 15 முதல் 44 வயது வரையான பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நேரில் விசாரித்து ஒரு குடும்ப ஆய்வு நடத்தியது. முதல் திருமணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மணமுறிவானாலும் சரி, நிரந்தரமாகப் பிரிந்து வாழ்வதானாலும் சரி, இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். நூறு திருமணங்களில் 5 ஆண்டுக்குள் 20 கலைந்திருந்தன. 10 ஆண்டுக்குள் 33. 15 ஆண்டுக்குள் 43. 20 ஆண்டுக்குள் ஏறத்தாழ 50.

“இருபதை எடுத்து ஓரமா வை. இது முதல் அஞ்சு வருஷம். மிச்சம்?”

“எண்பது.”

“அடுத்த அஞ்சு வருஷத்துல இன்னும் பதிமூணு போகுது. இப்ப பதிமூணை எதால வகுக்கணும்? நூறாலயா?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “இல்ல, எண்பதால. நூறு பேரு இப்ப அங்க இல்லையே” என்றாள். இந்த இடம் பிடிபட்டால் மீதி எல்லாம் எளிது. ஏற்கெனவே போய்விட்டவர் மறுபடி போக முடியாது. ஆபத்து என்பது இன்னும் உள்ளே இருப்பவர்களுக்குத்தான். 80-ல் 13 என்றால் நூற்றுக்கு 16. அதற்கடுத்த ஐந்து ஆண்டில் 67-ல் 10, நூற்றுக்கு 15. அதற்கும் அடுத்த ஐந்து ஆண்டில் 57-ல் 7; நூற்றுக்கு 12.

இருபது, பதினாறு, பதினைந்து, பன்னிரண்டு. மொத்தக் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. அதே நேரத்தில் எஞ்சி இருப்பவர்களின் ஆபத்து இறங்கிக்கொண்டே வருகிறது. இரண்டும் ஒரே கடலைக் குவியலிலிருந்து வந்தவை. முதல் எண் திருமண நாளன்று நின்று முன்னால் பார்ப்பவருக்கு. இரண்டாவது, பாதி வழியில் நிற்பவருக்கு. பதினைந்து ஆண்டு முடித்த ஒருத்தியிடம் போய் “உனக்கும் பாதிக்குப் பாதிதான்” என்று சொன்னால் அது பொய். அவள் இப்போது அந்த 57 பேரில் ஒருத்தி.

“ஆனா இருபது வருஷத்துல அம்பது வந்துருச்சே அத்தை. அப்ப பாதிங்கிறது சரிதானே?”

நல்ல கேள்வி. தப்பான வகுத்தல் தற்செயலாகச் சரியான எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறது. ஆனால் அந்தப் பாதி ஒரு நாட்டின் ஒரு தலைமுறையுடையது. அதற்குள்ளேயே எல்லோரும் ஒரே நாணயத்தைச் சுண்டவில்லை. அதே ஆய்வில், 18 வயதுக்குள் மணந்த பெண்களின் திருமணங்களில் நூற்றுக்கு 59 பதினைந்து ஆண்டுக்குள் கலைந்தன. 20 வயதுக்குப் பிறகு மணந்தவர்களிடம் அது 36 மட்டுமே. பின்னாளில் அமெரிக்கர்கள் கல்யாண வயதைத் தள்ளிப்போட்டார்கள். படித்து, வேலைக்குப் போன பிறகு மணந்தார்கள். சமூகவியலாளர் பிலிப் கோஹன் கணக்கிட்டபோது 2008-க்கும் 2016-க்கும் இடையில் அங்கே மணமுறிவு விகிதம் 18 சதவீதம் குறைந்திருந்தது.

நான்கு முதல் எட்டு

ஐந்து ஐந்து ஆண்டாகப் பார்த்தால் ஆபத்தைக் காட்டும் கோடு ஒரேயடியாக இறங்குவதுபோலத் தெரியும். ஒவ்வோர் ஆண்டாகப் பார்த்தால் வேறு உருவம் தெரிகிறது. இதற்கு நல்ல சான்று இங்கிலாந்தும் வேல்ஸும். அங்கே எல்லாத் திருமணமும் பதிவாகிறது, எல்லா மணமுறிவும் நீதிமன்றம் வழியாகவே நடக்கிறது. அதனால் புள்ளியியல் அலுவலகத்தால் ஆண்டுவாரியாகப் பார்க்க முடிகிறது.

2010-ன் நிலவரத்தை வைத்து அவர்கள் போட்ட மதிப்பீட்டில், நூறு திருமணங்களில் 42 மணமுறிவில் முடியும். அவற்றில் ஏறத்தாழப் பாதி முதல் பத்து ஆண்டுக்குள். முதல் ஆண்டில் ஆபத்து மிகக் குறைவு. பிறகு விறுவிறுவென ஏறுகிறது. நான்காவது திருமண நாளுக்கும் எட்டாவது திருமண நாளுக்கும் இடையில் உச்சம். அந்த ஆண்டுகள் ஒவ்வொன்றிலும், சேர்ந்து இருக்கும் நூறு தம்பதிகளில் மூன்றுக்கும் சற்று அதிகமானவை பிரிகின்றன. அதற்கப்பால் மெல்ல மெல்ல இறக்கம். 26-ஆவது திருமண நாளைத் தாண்டியவர்களுக்கு ஓராண்டின் ஆபத்து நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே.

அந்த உச்சத்தை அவள் இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். “மூணா? நூத்துக்கு மூணா?” ஆமாம், மிக மோசமான ஆண்டிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றாறு தொண்ணூற்றேழு தம்பதிகள் அடுத்த திருமண நாளைப் பார்க்கிறார்கள். சின்னச் சின்ன எண்கள் வருடக்கணக்கில் சேர்ந்துதான் 42 ஆகின்றன.

முதல் ஆண்டில் ஏன் இவ்வளவு குறைவு? புதுப்பெண், புதுமாப்பிள்ளை மகிழ்ச்சி என்று நினைக்கத் தோன்றும். அது ஒரு காரணம்தான். பெரிய காரணம் சட்டம். இங்கிலாந்தில் திருமணமாகி ஓராண்டு முடியாமல் மணமுறிவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. 1984-ல் சட்டம் மாறும்வரை இந்தத் தடை மூன்றாண்டாக இருந்தது. நம் நாட்டின் இந்துத் திருமணச் சட்டம், 1955, பதினான்காம் பிரிவிலும் இதே ஓராண்டுத் தடை உண்டு. மனுதாரருக்கு மிகக் கடுமையான துன்பமோ எதிர்த்தரப்பின் மிகக் கொடிய நடத்தையோ இருந்தால் மட்டும் நீதிமன்றம் விலக்குத் தரலாம்.

இதிலிருந்து ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். தீர்ப்பின் தேதி உறவு முறிந்த தேதி அல்ல. நோய் எப்போது தொடங்கியது என்று இறப்புச் சான்றிதழில் இருக்காது. முதலில் வருத்தம், பிறகு, சரியாகிவிடும் என்ற நம்பிக்கை, பிறகு பெரியவர்கள் கூடிப் பேசுவது, பிறகு தனியாகப் போய் இருப்பது, பிறகு வக்கீல், பிறகு வாய்தா. ஐந்தாம் ஆண்டில் தீர்ப்பு வந்தால், விரிசல் இரண்டாம் ஆண்டிலேயே விழுந்திருக்கலாம். அதனால் “ஏழாவது வருஷம்தான் கண்டம்” என்று நினைப்பவர்கள் தவறான இடத்தில் காவல் நிற்கிறார்கள். கவனம் வேண்டியது அதற்குப் பல ஆண்டு முன்னால்.

பானையும் தென்னையும்

உச்சத்துக்குப் பிறகு ஆபத்து ஏன் இறங்குகிறது? இதற்கு இரண்டு விடைகள் உண்டு. இரண்டும் வேறு வேறு, இரண்டும் உண்மை.

முதல் விடை, பானை. சந்தையில் நூறு மண்பானை வாங்கி அடுப்பில் ஏற்றுகிறோம். சூளையிலேயே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தவை முதல் சில நாளில் உடைந்துவிடும். ஒரு வருடம் கழித்து மிஞ்சிய பானைகளைப் பார்த்து “பானை பழசாகப் பழசாக வலுவாகிறது” என்று சொன்னால் தப்பு. வலுவானவை மிஞ்சியிருக்கின்றன, அவ்வளவுதான். திருமணங்களிலும் இந்தச் சலிப்பு நடக்கிறது. பதின்ம வயதில் கட்டிவைக்கப்பட்டவை, பொருந்தவே பொருந்தாதவை, குடியோ அடியோ முதல் மாதத்திலேயே தெரிந்துபோனவை முன்னதாக வெளியேறுகின்றன. மிச்சமிருக்கும் கூட்டத்தின் சராசரி ஆபத்து அதனாலேயே குறைகிறது, ஒரு தம்பதிகூட மாறாவிட்டாலும்.

இரண்டாவது விடை, தென்னை. நட்ட புதிதில் தென்னம்பிள்ளைக்கு ஒரு வாரம் தண்ணீர் தவறினாலும் வாடிவிடும். ஏழெட்டு வருடம் போனால் வேர் தானே ஈரம் தேடிக்கொள்ளும். சேர்ந்து வாழ்வதிலும் வேர் பிடிக்கிறது. வீட்டுக் கடன், இரண்டு பக்கத்து உறவு, யாருக்கு எதில் கோபம் வரும் என்ற பழக்கம், இன்னொருவரால் அறியவே முடியாத பொதுவான நினைவுகள் எல்லாம் ஆண்டோடு கூடுகின்றன. குழந்தையும் இதில் ஒரு வேர், ஆனால் எப்போதும் ஒரே வலுவில் இல்லை. லீ லில்லார்டும் லிண்டா வெயிட்டும் 1991-ல் அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்தபோது, முதல் குழந்தை பள்ளி வயதை எட்டும்வரை திருமணத்தை இறுக்கிப் பிடிப்பதைக் கண்டார்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு அந்தப் பிடி இல்லை. குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்களே, குழந்தை பிறப்பது நாளைத் தள்ளிப்போடக்கூடும். சிக்கலைத் தீர்ப்பது வேறு வேலை.

பானையா தென்னையா என்று ஒரு குறிப்பிட்ட தம்பதியைப் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் “பத்து வருஷம் தாண்டிட்டோம், இனிமே கவலை இல்லை” என்ற வார்த்தை பாதி உண்மைதான் என்பது இதனால் புரியும். வருடங்கள் தாமாக யாரையும் காப்பாற்றுவதில்லை.

இரண்டு விதமான முடிவு

இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு சின்னது. 79 தம்பதிகள்தான். ஜான் காட்மனும் ராபர்ட் லெவன்சனும் 1983-ல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் தொடங்கி, 14 ஆண்டு அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். முடிவுகளை 2000-ல் வெளியிட்டார்கள்.

செய்தது எளிய காரியம். கணவனும் மனைவியும் குறைந்தது எட்டு மணி நேரம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்துவிட்டு வர வேண்டும். முதல் பதினைந்து நிமிடம், அன்றைய பொழுது எப்படிப் போனது என்று பேச வேண்டும். அடுத்த பதினைந்து நிமிடம், இருவருக்கும் தீராமல் இருக்கும் ஒரு சண்டை விஷயம். கடைசிப் பதினைந்து நிமிடம், மகிழ்ச்சியான ஏதாவது ஒன்று. அதைப் படமெடுத்து, முகக்குறிப்பு, குரல், சொல் எல்லாவற்றையும் குறித்துவைத்தார்கள். பிறகு வருடங்கள் ஓடின. பிரிந்தவர்கள் இரண்டு கூட்டமாக இருந்தார்கள். சீக்கிரம் பிரிந்தவர்கள் திருமணமாகிச் சராசரியாக 7.4 ஆண்டில், தாமதமாகப் பிரிந்தவர்கள் சராசரியாக 13.9 ஆண்டில்.

சீக்கிரம் பிரிந்தவர்களைக் காட்டிக்கொடுத்தது சண்டை போட்ட விதம். குற்றம் சாட்டுவது, இளக்காரமாகப் பார்ப்பது, எதைச் சொன்னாலும் தன்மேல் தவறில்லை என்று நிறுவுவது, பேச்சின் நடுவே சுவர்போல் உறைந்துவிடுவது. சண்டை போட்டது குற்றமில்லை. எல்லாத் தம்பதிகளும் போட்டார்கள். சண்டையில் மற்றவரைச் சிறுமைப்படுத்தியதுதான் அடையாளம்.

தாமதமாகப் பிரிந்தவர்களிடம் இந்தக் கசப்பு அடையாளமாக இருக்கவில்லை. அவர்களைக் காட்டிக்கொடுத்தது, சண்டைப் பேச்சிலும் அன்றைய பொழுதைப் பற்றிய அந்த முதல் பதினைந்து நிமிடத்திலும் மகிழ்ச்சியே இல்லாததுதான். அந்தப் பேச்சில் சிரிப்பு இல்லை. ஒருவர் சொன்னதற்கு மற்றவர் கண்ணில் ஆர்வம் இல்லை. “அப்படியா, அப்புறம்?” என்று கேட்கவில்லை. அமைதியாக, மரியாதையாக, வெறுமையாக இருந்தது.

79 தம்பதிகளை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது. ஆனாலும் ஆபத்துக் கோட்டின் வடிவத்துக்கு இது ஒரு பொருள் தருகிறது. முன்பகுதியில் திருமணங்கள் பெரும்பாலும் தீப்பிடித்து முடிகின்றன. பின்பகுதியில் தண்ணீர் வற்றி முடிகின்றன. தீப்பிடித்தால் அக்கம்பக்கம் ஓடிவரும். அம்மா வீட்டுக்குத் தெரியும். யாராவது நடுவில் வந்து பேசுவார்கள். கிணறு வற்றுவது யாருக்கும் தெரியாது. வாளி தரையில் தட்டும் அன்றுதான் தெரியும்.

இதைச் சொல்லி முடித்தபோது அவள் கடலையை உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

இரண்டு கடிகாரங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு கடிகாரம்: கல்யாணமாகி எத்தனை வருடம். இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது: ஊரில் இப்போது என்ன காலம். 1970 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில், யார்மேல் குற்றம் என்று நிரூபிக்காமலே மணமுறிவு பெறலாம் என்று சட்டம் வந்தது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. அந்தக் கால எல்லையில் வாழ்ந்தவர்களுக்கு மூன்றாம் வருடமானாலும் முப்பதாம் வருடமானாலும் கதவு முன்பைவிட எளிதில் திறந்தது.

இந்த இரண்டாம் கடிகாரத்தால்தான் முதிய வயது மணமுறிவு கூடியிருக்கிறது. சூசன் பிரவுனும் ஐ-ஃபென் லின்னும் 2012-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டியவர்களின் மணமுறிவு விகிதம் 1990-க்கும் 2010-க்கும் இடையில் இரண்டு மடங்கானது. 1990-ல் மணமுறிவு பெற்ற பத்துப் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே 50 தாண்டியவர். 2010-ல் நால்வரில் ஒருவர். அதில் ஒரு நுணுக்கமும் இருக்கிறது: அந்த வயதில், மறுமணத்தில் இருப்பவர்களின் மணமுறிவு விகிதம் முதல் திருமணத்தில் இருப்பவர்களைவிட இரண்டரை மடங்கு. ஐம்பது வயது என்றவுடன் முப்பது வருடத் தாம்பத்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. அது மூன்று வருடத் திருமணமாகவும் இருக்கலாம். நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களின் ஆபத்து இன்றும் குறைவுதான். ஆனால் பூஜ்யம் இல்லை.

ஜப்பானில் இதற்குப் பெயரே உண்டு: ‘ஜுகுனென் ரிகோன்’, அதாவது முதிர்ந்த வயதின் மணமுறிவு. கணவரின் ஓய்வூதியத்தில் மனைவிக்கும் பங்கு கிடைக்க வழிசெய்யும் சட்டம் அங்கே 2007 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் மணமுறிவு எண்ணிக்கை இறங்கியபோது, பல பெண்கள் அந்தத் தேதிக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பேசப்பட்டது. ஆயுள் நீண்டிருக்கிறது. அறுபதில் பிள்ளைகள் வெளியேறிய பிறகு இன்னும் இருபது வருடம் இருக்கிறது. அந்த இருபது வருடத்தை யாரோடு, எப்படி என்ற கேள்வி நம் பாட்டிகளுக்கு எழுந்ததில்லை. அதற்குள் வாழ்நாள் முடிந்திருந்தது.

நம் ஊரில்

“நம்ம ஊர்ல இந்தக் கோடு எப்படி இருக்கும் அத்தை?”

நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் வைத்து அந்தக் கோட்டைப் போட்டால் அது நம்மை ஏமாற்றும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மணமுறிவு பெற்றவர்கள் ஏறத்தாழ 13.6 லட்சம் பேர். நூற்று இருபது கோடிப் பேர் உள்ள நாட்டில் இது மிகச் சிறிய எண். இதைக் காட்டித்தான் பலரும் பெருமைப்படுகிறார்கள். அதே கணக்கெடுப்பில் அடுத்த கட்டத்தில் இன்னொரு எண் இருக்கிறது: ‘பிரிந்து வாழ்பவர்கள்’ ஏறத்தாழ 35 லட்சம். இரண்டரை மடங்கு. இரண்டு கட்டங்களிலும் பெண்கள் ஆண்களைப்போல இரண்டு மடங்கு. ஆண்கள் மறுமணம் செய்துகொண்டு அந்தக் கட்டத்திலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். பெண்கள் அங்கேயே நிற்கிறார்கள்.

எல்லாத் தெருவிலும் இப்படி ஒரு வீடு நமக்குத் தெரியும். “பொண்ணு அம்மா வீட்டோடதான் இருக்கா” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. அவளைக் குறிக்க நம் மொழியில் ஒரு கொடுமையான சொல்கூட வைத்திருந்தோம். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவள் திருமணம் எந்த ஆண்டில் உடைந்தது என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. காகிதத்தில் அது இன்னும் நிலைத்து நிற்கும் திருமணம்.

வழக்குக்குப் போகிறவர்களுக்கும் காலத்தைச் சட்டம் தீர்மானிக்கிறது. ‘மியூச்சுவல்’ என்று ஜனங்கள் சொல்லும் பரஸ்பர சம்மத மணமுறிவு, இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-ல்தான் சேர்ந்தது. ஓராண்டு பிரிந்து இருந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. எனவே நம் நாட்டுத் தீர்ப்புத் தேதிகளைப் பார்க்கும்போது, அதற்கு எத்தனை வருடம் முன்னால் அந்த வீடு இரண்டானது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் அவளிடம் அழுத்திச் சொன்னேன். மணமுறிவு நடக்கவில்லை என்பதும் திருமணம் நன்றாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. அடி வாங்கிக்கொண்டு முப்பது வருடம் இருந்தவளும் இந்தக் கணக்கில் ‘நிலைத்தவர்’ பக்கத்தில்தான் வருவாள். “ரெண்டு வருஷம் பொறுத்துக்கோ, அப்புறம் ஆபத்து குறைஞ்சிடும்” என்று அவளிடம் இந்தக் கோட்டைக் காட்டுவது பாவம். கை ஓங்கும் வீட்டை விட்டு எந்த வருடத்தில் வெளியேறினாலும் அது சரியான வருடம்.

அவள் கேட்ட கடைசிக் கேள்வி

“சரி, நான் என்ன செய்யணும்?”

இந்த எண்கள் எல்லாம் கூட்டத்துடையவை. நூறு பேரில் மூவர் என்று சொல்லும். அந்த மூவர் யார் என்று சொல்லாது. ஆனால் எந்தக் காலத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும். முதல் சில ஆண்டுகளில், சண்டை வருமா வராதா என்று பார்க்காதே, வரும். சண்டையின் நடுவில் ஒருவர் மற்றவரை மதிக்கிறாரா என்று பார். உன் வாயிலிருந்து வரும் சொல்லையும் சேர்த்துப் பார். பத்து வருடம் போன பிறகு, சண்டை இல்லாததை நிம்மதி என்று எண்ணிக் கணக்கை மூடிவிடாதே. இன்றைக்கு வெளியே என்ன நடந்தது என்று ஒருவர் சொல்ல, மற்றவர் காது கொடுத்துக் கேட்டாரா? அதை ஒவ்வொரு நாளும் பார்.

அவள் நூறு கடலையையும் மறுபடி தட்டில் சேர்த்தாள். நான் அவள் கல்யாணத்தைப் பற்றி இன்னும் ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன்.

“அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இருபத்தெட்டு வருஷம் ஆச்சு அத்தை. அப்ப நூத்துக்கு ஒண்ணுக்கும் கீழதானே?”

“ஆமா.”

“அவங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல.”

அதற்கு என்னிடம் எண் இல்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு அவள் போட்ட டீயில் இரண்டு டம்ளர்கள் திண்ணைக்குப் போயின. “அம்மா, டீ வாசல்ல இருக்கு” என்று கொல்லைப்பக்கம் குரல் கொடுத்துவிட்டு, அவள் கூடத்துக்கு வந்துவிட்டாள். அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எங்களைக் கடந்து வாசலுக்குப் போனார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, செய்தித்தாளை மடித்துவைக்கும் சத்தம் கேட்டது.